காலாவதியான பஞ்சாங்கம்

கம்பெனி செக்யூரிட்டி மாதப்பனுக்குத் தன் அம்மா இறந்த நாள் தெரியாது. தெரிந்தால் தன் பிறந்த நாளும் சேர்ந்தே தெரிந்துவிடும். இரண்டும் ஒரே நாள் என்றுதான் ஊரில் எல்லோரும் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். "ஆத்தாள முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்று சின்ன வயதில் அவரைக் கூப்பிடுவார்களாம். இதை அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவர் பிறந்த உத்தனப்பள்ளிக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் போல இருந்தது.

ஆதாரில் அவருக்கு ஜனவரி ஒன்று. அவரோடு சேர்ந்து கேட்டைப் பார்த்துக்கொள்ளும் கங்கப்பனுக்கும் ஜனவரி ஒன்று. கம்பெனியில் மாதாமாதம் பிறந்தநாள் பட்டியல் ஒட்டுவார்கள். ஜனவரிக்கு மட்டும் ஒரு தாள் போதாமல் இரண்டாவது தாள் வேண்டியிருக்கும். "ஆதார் எடுக்க வந்தவரு ஒரே நாள்ல அம்பது பேரப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டாருங்க" என்பார் மாதப்பன். ஆனால் கேக் வெட்டும்போது மட்டும் கேட்டை விட்டு உள்ளே வரமாட்டாராம். கேட்டில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று ஒரு காரணம் வைத்திருந்தார். அம்மா செத்த நாளில் கேக் தின்பதா என்பதுதான் உண்மைக் காரணம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த நாள் ஜனவரி ஒன்று இல்லை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் தின்னமாட்டார்.

நான் வீரலட்சுமி. மெக்கானிக்கல் மூன்றாம் வருடம். அப்பா சாத்தூரிலிருந்து வேலைக்கு வந்து ஓசூரிலேயே தங்கிவிட்டவர். சென்ற மே மாதம் எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்றார்கள். பெரிய கம்பெனிகளில் இடம் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் சுபாஷுக்கும் பிரவீனாவுக்கும் சிப்காட்டை ஒட்டி குருமூர்த்தி சார் வைத்திருக்கும் சின்ன மெஷின் ஷாப் கிடைத்தது. கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் கை வைக்கலாம் என்று புது ஷூ வாங்கிக்கொண்டு போனேன். அவர் எங்களை மெஷின் பக்கம் அழைத்துப் போகவே இல்லை. கேன்டீனுக்கு மேலே ஒரு ஹாலுக்குக் கூட்டிப் போனார். அங்கே பதினாறு மரப்பெட்டிகள் இருந்தன.

"எங்க தாத்தாவோட புக்ஸ். உத்தனப்பள்ளி வீட்டுல மேல் ரூம்ல கெடந்தது. சுத்தம் பண்ணி, லிஸ்ட் எடுத்து, அடுக்கிக் கொடுங்க. லைப்ரரியா ஆக்கப் போறேன்."

"மெஷின் பக்கம் எப்ப சார்?" என்றேன்.

"இத முடிங்க. சர்டிபிகேட்ல இன்வென்டரி மேனேஜ்மென்ட்னு போட்டுத் தர்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு முதல் பெட்டியின் மூடியை உடைத்தே திறந்தேன். அதில் ஒரு மாட்டு வைத்தியப் புத்தகம் மேலாக இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய அச்சு. புரட்டியதும் உள்ளிருந்து காய்ந்த வசம்புத் துண்டு ஒன்று விழுந்தது. பூச்சி வராமல் இருக்கப் போட்டு வைத்தது. வயிற்று உப்புசத்துக்கு ஒரு மருந்து அச்சிட்டிருந்த பக்கத்தில், ஓரமாகப் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: "நம் செவலைக்கு இது பலிக்கவில்லை."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தத் தாத்தாவை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. செவலை பிழைத்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த பக்கம் பார்த்தேன், அடுத்த புத்தகம் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழவே இல்லை.

தமிழ், தெலுங்கு, கன்னடம், கொஞ்சம் இங்கிலீஷ் என்று எல்லாம் கலந்து கிடந்தன. எல்லையை ஒட்டி வாழ்ந்த மனிதர், எந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போனாலும் ஒரு புத்தகம் வாங்கி வந்திருப்பார் போல. மூன்று எழுத்தும் படிக்கத் தெரிந்தவள் பிரவீனா மட்டும்தான். அவள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். நானும் சுபாஷும் பெயின்ட் பிரஷ் வைத்துத் தூசி தட்டுவோம். கட்டு விட்டுப்போன புத்தகத்தைப் பருத்தி நாடாவால் கட்டி வைப்போம். பிரவீனா புத்தகத்தின் பெயரும் வருடமும் படித்துச் சொல்வாள். சுபாஷ் ஒவ்வொரு புத்தகத்தின் தடிமனையும் வெர்னியர் வைத்து அளந்து குறித்தான். எதற்கு என்றால், அலமாரிக்கு எத்தனை அடி தேவை என்று துல்லியமாகச் சொல்லலாமாம். மில்லிமீட்டரில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எழுதுவான். நாங்கள் திட்டியும் விடவில்லை.

மாதப்பன் தினமும் பத்தரை மணிக்கு எங்களுக்கு டீ பிளாஸ்க் கொண்டுவந்து கொடுப்பார். அது அவர் வேலை இல்லை. கேட்டைக் கங்கப்பனிடம் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மாடி ஏறி வருவார். "இன்னிக்கு என்னா வந்துச்சு?" என்பார். புத்தகங்களுக்குள் கிடைத்ததைக் காட்டுவோம். சாமல்பட்டி என்று போட்ட ரயில் டிக்கெட், தீப்பெட்டிப் படம், விதைப் பொட்டலம். எல்லாவற்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னும் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி நிற்பார். மூன்றாம் நாள் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணா, நீங்க எதையோ தேடுறீங்க. என்னன்னு சொல்லுங்க."

அப்போதுதான் சொன்னார். அவர் அம்மா மாரம்மா, இந்தத் தாத்தாவின் தோட்டத்தில் வேலை செய்தவர். பிரசவத்தில் போய்விட்டார். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு கோலார் பக்கம் போனவர், திரும்பவில்லை. வேப்பனப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்த பெரியம்மா நஞ்சம்மா, செய்தி கேட்டு வந்து குழந்தையைத் தூக்கிப்போய் வளர்த்தார்; உத்தனப்பள்ளிக்கும் அவ்வப்போது கூட்டி வருவாராம்.

"எங்க பெரியம்மாகிட்ட கேட்டுக்கினே இருப்பேன். எந்த நாளு, எந்த நாளுன்னு. அவளுக்கு நெனப்பில்ல. ஆனா ஒண்ணு சொன்னா. 'நான் வந்து சேந்தப்ப பெரிய ஊட்டுக்காரரு பொஸ்தகத்துல எழுதிக்கினு இருந்தாரு, கண்ணால பாத்தேன்'னா. அந்தப் பொஸ்தகம் இதுல எங்கியோதான் கண்ணு இருக்கணும்."

"நாள் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்கண்ணா?" என்று சுபாஷ் கேட்டான். அவன் அப்படித்தான், வாயில் வந்ததைக் கேட்பான்.

"படைக்கணும் தம்பி. அவ செத்த திதியில அவளுக்குன்னு ஒரு எல போடணும். இப்ப நாளு தெரியாதவங்களுக்குன்னு இருக்கற மகாளய அமாவாசைக்குத்தான் போடறேன். அன்னிக்கு ஊருப்பட்ட ஜனம் வருமில்ல, மேல இருந்து. அந்தக் கும்பல்ல எங்கம்மா எங்க நிக்கறாளோ, அவளுக்கு எல கெடைக்குதோ இல்லியோ."

அன்றிலிருந்து எங்களுக்கு அது வேலையாக இல்லை, வேட்டையாகிவிட்டது. கையால் எழுதிய நோட்டு, பெரிய ரெஜிஸ்டர், டைரி எது கிடைத்தாலும் கூப்பாடு போடுவது என்று முடிவு செய்தோம். குருமூர்த்தி சாரிடம் கேட்டேன். அவர் பெங்களூரில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். தெலுங்கு பேசுவார், படிக்கத் தெரியாது. "தாத்தா டைரி எழுதின மாதிரி தெரியலையேம்மா. இருந்தா நல்லா தேடிப் பாருங்க" என்றார். தேடினோம். பெட்டி பெட்டியாகத் தேடினோம். ஒரு ரெஜிஸ்டர் கிடைத்தது, கிணறு வெட்டிய விவரம். இன்னொரு நோட்டு, யாரோ குழந்தை எழுதிப் பழகியது. ஒவ்வொரு தடவையும் மாதப்பன் மேலே வந்து, பார்த்து, "பரவால்ல கண்ணு, இன்னும் பெட்டி இருக்குதில்ல" என்று இறங்கிப் போவார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

கம்பெனிகளில் ஃபைவ் எஸ் என்று ஒன்று உண்டு. ஓசூரில் டீக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். வேண்டியதையும் வேண்டாததையும் பிரி என்பது அதில் முதல் பாடம். வேண்டாததற்குச் சிவப்பு அட்டை கட்டி, மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஏழு நாளில் யாரும் வந்து கேட்கவில்லை என்றால் பழைய இரும்புக் கடைக்கோ பேப்பர் கடைக்கோ போய்விடும். குருமூர்த்தி சார் ஹாலிலும் அப்படி ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார். செல்லரித்துத் தூளான அட்டைகள், எலி கடித்த செய்தித்தாள் எல்லாம் அதற்குப் போயின.

பதினாறாவது பெட்டியை ஒரு வெள்ளிக்கிழமை திறந்தோம். பிரவீனா அன்று அரியர் எழுதப் போயிருந்தாள். பெட்டி முழுக்கத் தெலுங்குப் பஞ்சாங்கம். வருடத்துக்கு ஒன்று, ஐம்பது அறுபது இருக்கும். மட்டமான தாள், தையல் அறுந்தது, பூச்சி ஓடியது. ஒன்றைப் புரட்டினேன். கட்டம் கட்டமாக எண்கள். ஓரங்களில் மையால் கிறுக்கல். ஜோசியக் கணக்கு என்று நினைத்தேன்.

"போன வருஷப் பஞ்சாங்கத்தையே யாரும் பாக்க மாட்டாங்க. இது அம்பது வருஷம் பழசு" என்றேன்.

"எக்ஸ்பைரி ஆனது" என்றான் சுபாஷ்.

இரண்டு சாக்கில் போட்டுக் கட்டினேன். சிவப்பு அட்டையில் நானே எழுதினேன். பொருள்: பழைய பஞ்சாங்கம். காரணம்: காலாவதி. பெயர்: வீரலட்சுமி. கையெழுத்தும் போட்டேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று எனக்கு அவ்வளவு திருப்தி.

மறுநாள் வந்த பிரவீனா, சாக்கில் என்ன என்று கேட்டாள். பழைய காலண்டர் என்று சொன்னேன். ஒரு வாரம் அவள் தன் பையை அந்தச் சாக்கின் மேல்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு நாள் முடிந்து, அடுத்த சனிக்கிழமை பேப்பர் கடை வண்டி வந்தது. கேட்டில் இருந்த மாதப்பன்தான் இரண்டு மூட்டையையும் தூக்கி வண்டியில் வைத்தார். போகும்போது என்னைப் பார்த்து, "பெட்டி அல்லாம் முடிஞ்சிடுச்சா கண்ணு?" என்றார். முடிந்தது என்றேன். "இல்லீனா போவுது" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மாடி ஏறிவிட்டேன்.

திங்கள் காலை நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "தாயி, போன சிலிண்டர் எப்ப மாத்துனோம்னு காலண்டர்ல பாரு" என்றாள். எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் அம்மா எல்லாவற்றையும் குறிப்பாள். சிலிண்டர் மாற்றியது, பால்காரர் வராதது, சித்தி வந்து போனது. தாளைத் திருப்பிக்கொண்டே போனேன். பிப்ரவரியில் ஒரு கட்டத்தில் "லட்சுமிக்குக் காய்ச்சல்" என்று இருந்தது. அதற்கு நாலு கட்டம் தள்ளி "இட்லி சாப்பிட்டாள்."

திருப்பிய தாளை விடாமலே சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, பழைய காலண்டரையெல்லாம் என்ன பண்ணுவ?"

"அதையா தூரப் போடுவாக? பரண்ல இருக்கு. நீ பொறந்த வருசத்துது கூட இருக்கு."

அந்தத் தாத்தா மாட்டு மருந்துப் புத்தகத்திலேயே ஓரத்தில் எழுதியவர். ஒரு நாளில் நடந்ததை எழுத அவருக்குத் தனி நோட்டு எதற்கு? நாட்களே அச்சடித்து வருகிற புத்தகம் வருடாவருடம் கையில் இருந்ததே. சிலிண்டர் எப்போது மாற்றியது என்று சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கேட்டில் மாதப்பன் இருந்தார். பிரவீனாவும் சுபாஷும் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கில் போட்டது நான், காலாவதி என்று எழுதியது நான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூட்டைய நான்தான கண்ணு தூக்கி வெச்சேன்" என்றார் மாதப்பன். "லேசாதான் இருந்துச்சு."

பிறகு கேட் ரெஜிஸ்டரை எடுத்தார். வெளியே போகிற ஒவ்வொரு வண்டியின் நம்பரும் கடையின் பெயரும் அவர் கையெழுத்தில் அதில் இருக்கும். பழைய பேப்பர் இரண்டு மூட்டை, ராயக்கோட்டை ரோடு பொன்னுசாமி கடை. கங்கப்பனைக் கெஞ்சிக் கேட்டில் நிறுத்திவிட்டு, நாலு பேரும் ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போனோம்.

பொன்னுசாமி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழம வந்ததா? ஒரு மூட்ட நேத்தே மில்லு லாரில போயிடுச்சுங்களே. ஒண்ணு இருக்கும், லாரில எடம் பத்தல. அதோ, அட்டைக்கு அடியில பாருங்க."

சுபாஷ் அட்டைகளை இழுத்துத் தள்ளினான். சாக்கு இருந்தது. என் கையெழுத்துப் போட்ட சிவப்பு அட்டை இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைத் தரையிலேயே உட்கார்ந்து பிரித்தோம். முதல் பஞ்சாங்கத்தின் ஓரத்தை பிரவீனா படித்தாள். அவள் குரல் மாறியது. "ஜோசியம் இல்லடி. எல்லாம் ஊர்க் கதை. 'நல்ல மழை. ஏரி நிரம்பியது.' 'கெம்பனுக்குப் பெண் குழந்தை.' 'செவலை கன்று போட்டது.'"

செவலை பிழைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷப்பட்டது நிஜம். வெட்கமாகவும் இருந்தது.

மாதப்பனுக்கு வருடமும் சரியாகத் தெரியாது. அவர் கூடப் படித்தவர்களின் வயதை வைத்து ஐந்து வருடம் ஒதுக்கினோம். அதில் மூன்று வருடத்துப் பஞ்சாங்கம் சாக்கில் இருந்தது. பராபவ வருடத்தில் ஒன்றும் இல்லை. பிலவங்க வருடத்தில் மாரம்மா என்ற பெயரே இல்லை. மூன்றாவது, 1968-இல் பிறந்த கீலக வருடம். அதற்குப் பிறகு பார்க்க வேறு இல்லை. பிரவீனா விரலை வைத்துப் பக்கம் பக்கமாக வந்தாள். மாதப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாரம்மா!" என்றாள் பிரவீனா. "நம்ம கணக்குல ஐப்பசி, வளர்பிறை தசமி, வியாழக்கிழமை. 'மாரம்மாவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.'"

மாதப்பன் தலையை ஆட்டினார். "அது வேற மாரம்மா, கண்ணு. எங்கூர்ல தெருவுக்கு நாலு மாரம்மா. தாய் சுகம்னு போட்டிருக்குதில்ல. எங்கம்மாதான் அன்னிக்கே போயிட்டாளே."

எனக்கும் அது சரி என்றே பட்டது. பிரவீனா பாதியைத் தாண்டித் தாண்டி வேகமாக மேலே படித்தாள். மழை. கேழ்வரகு அறுவடைக்கு ஆள் சொல்லி விட்டது. பௌர்ணமி. மறுபடி மழை. அப்புறம் நின்றுவிட்டாள்.

"சொல்லு" என்றேன்.

"தேய்பிறை பஞ்சமி, ஞாயிற்றுக்கிழமை. 'மாரம்மா காலமானாள். ஆறு நாள் காய்ச்சல். வேப்பனப்பள்ளியிலிருந்து அக்காள் நஞ்சம்மா வந்து குழந்தையை எடுத்துப் போனாள்.'"

சுபாஷ் விரல் விட்டு எண்ணினான். வியாழன் முதல் அடுத்த வாரத்து ஞாயிறு வரை. இரண்டு தடவை எண்ணினான். அவன் துல்லியத்துக்காக அன்றுதான் முதல் தடவையாக நன்றி சொல்லத் தோன்றியது.

"பதினோரு நாள்ணா."

"என்னா பதினோரு நாளு?"

"நீங்க பொறந்து பதினோரு நாள் உங்க அம்மா இருந்திருக்காங்க."

மாதப்பன் பிரவீனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அப்ப என்னிய தூக்கியிருப்பா" என்றார். "பாலு குடுத்திருப்பா இல்ல?" கடைக்காரர் பொன்னுசாமி, "குடுக்காமயா இருப்பாங்க" என்றார். அதைக் கேட்டதும் ஐம்பத்தாறு வயது மனிதர், காக்கிச் சட்டையும் விசிலுமாக, பேப்பர் கடைத் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். மறைக்க ஒன்றும் இல்லை.

அழுது முடித்ததும் அவர் கேட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம். "அந்தப் பதினோரு நாளும் என்னென்னா நடந்துச்சுன்னு ஒண்ணு வுடாம படி கண்ணு." பிரவீனா முதலிலிருந்து படித்தாள். வெள்ளிக்கிழமை மழை. சனிக்கிழமை ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு ஏரி நிரம்பி மறுகால் போனது. "அப்ப தண்ணி போற சத்தம் கேட்டிருக்கும். எங்க ஊடு ஏரிக்கரை பக்கந்தான்" என்றார். திங்கள், கேழ்வரகு அறுவடைக்கு ஆள் சொல்லி விட்டது, தாத்தா வீட்டுக்குப் புதுப் பசு வந்தது. செவ்வாய் "மாரம்மாவுக்குக் காய்ச்சல். கஷாயம் கொடுத்தனுப்பினோம்." அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு மூட்டை போய்விட்டது. அதில் யார் யார் பிறந்த நாளும் யார் யாருடைய அம்மாக்களும் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. உத்தனப்பள்ளியில் இன்னும் எத்தனை மாதப்பன்கள், ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டு இருக்கிறார்களோ. அவர்களில் யாராவது நாளைக்கு மாடி ஏறி வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்? குருமூர்த்தி சாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டினார், நியாயமாகத் திட்டினார். பிறகு மீதி இருந்த பஞ்சாங்கங்களைத் தனி அலமாரியில் வைக்கச் சொன்னார். மஞ்சள் கட்டத்தை அன்று மாலையே நான் பெயின்ட் தின்னர் போட்டு அழித்தேன்.

இன்டர்ன்ஷிப் ஜூன் கடைசியில் முடிந்தது. சர்டிபிகேட்டில் இன்வென்டரி மேனேஜ்மென்ட் என்றே இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் போகிறோம். பிரவீனா ஓரக் குறிப்புகளைப் படித்துத் தமிழில் சொல்ல, நான் எழுதுகிறேன். சுபாஷ் கீலக வருடப் பஞ்சாங்கத்துக்குத் துணி அட்டை போட்டான். தடிமனையும் அளந்து வைத்திருக்கிறான். செய்தி கேட்டு ஊரிலிருந்து இதுவரை நாலு பேர் வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கு நாள் கிடைத்தது. மற்ற இருவரிடம், அந்த வருடத்துப் பஞ்சாங்கம் இல்லை என்று நானே சொன்னேன். ஏன் இல்லை என்பதையும் சொன்னேன்.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. மாதப்பன் அன்றும் இலை போட்டாராம். "பேரு கூடத் தெரியாதவங்களுக்குன்னு போட்டேன். எங்கம்மாவுக்கில்ல. அவளுக்குத்தான் இப்ப நாளு இருக்குதே" என்றார்.

ஐப்பசி பிறந்து ஒரு சனிக்கிழமை, அவர் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு லீவு லெட்டர் எழுதித் தர வேண்டுமாம். தசமியிலிருந்து பஞ்சமி வரைக்கும்.

"பஞ்சமிக்கு ஒரு நாள் போதாதாண்ணா? இத்தனை நாள் குடுப்பாங்களா?"

"சம்பளத்தப் புடிச்சிக்கட்டும். சூப்ரவைசரு எதுக்குன்னு கேப்பாரு. நீ நல்லா எழுதிக் குடு."

பெறுநர் எழுதினேன். ஐயா எழுதினேன். பதினோரு நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதிவிட்டுக் காரணத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"என்ன காரணம் போடட்டும்? திதின்னு போட்டா ஒரு நாள்தான் தருவாங்க."

அவர் கீலக வருடப் பஞ்சாங்கம் இருக்கிற அலமாரியைப் பார்த்தார். யோசித்ததாகத் தெரியவில்லை.

"எங்கம்மா ஊட்டுல இருக்கறாங்கன்னு எழுது கண்ணு."

அப்படியே எழுதினேன்.